நான் ‘காலமானார்’ என்று டைப் அடித்த மனிதர்

உயிரோடு இருந்த ஒரு மனிதரை நான் காகிதத்தில் சாகடித்தேன். 1984-ஆம் வருஷம், ஐப்பசி மாதம், அடைமழை நாளில், ஒரே ஒரு வார்த்தையில். அந்த வார்த்தை ஏழெட்டு மாதம் ஒரு கோப்புக்குள் சத்தமில்லாமல் கிடந்தது. பிறகு எழுந்து வந்து என் கழுத்தைப் பிடித்தது. அப்போது நான் பட்ட பாட்டையும், அண்ணாமலையார் என்னைக் கைவிடாததையும் செவ்வாய்தோறும் மலை சுற்றும் நம் அன்பர்கள் முன்னால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். பாதிப் பேருக்குப் பாதி விஷயம் தெரியும். முழுசும் தெரிந்தவர்கள் மூன்று நான்கு பேர்தான்.

என் பெயர் மாணிக்கம். சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். திருவண்ணாமலையில் ஒரு அரசாங்க அலுவலக வாசலில், புங்க மரத்தடியில் டைப்ரைட்டர் வைத்துக்கொண்டு மனு எழுதிப் பிழைக்கிறவன். என் தமிழ் மேல் எனக்குக் கர்வம் ஜாஸ்தி. வருகிறவர் “எங்க மாமனாரு செத்துட்டாருங்க” என்பார். நான் “என் மாமனார் அவர்கள் காலமானார்” என்று அடிப்பேன். “எம் பொண்ண வூட்ட வுட்டுத் தொரத்திட்டாங்க” என்பார். நான் “எனது புதல்வி இல்லத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்” என்பேன். படித்துக் காட்டினால் அவர்களுக்கே சந்தோஷமாக இருக்கும், நாம் பேசியதா இது என்று. சொல்வதை அப்படியே எழுதுவதற்கு மாணிக்கம் எதற்கு என்று நானே கேட்பேன். ஆனால் கூட்டம் அதிகமாக இருந்தால் படித்துக் காட்ட மாட்டேன். வெறும் தாளின் அடியில் கையெழுத்தை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவேன். மேலே உள்ளதை சாவகாசமாக நான் அடித்துக்கொள்வேன். என் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் செய்தோம்.

அந்த வருஷம் இலங்கையிலிருந்து தப்பி வந்த சனங்களை நம் ஊருக்கும் அனுப்பினார்கள். அடி அண்ணாமலைப் பக்கம் முகாம் போட்டார்கள். ஒரே நாளில் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். விவரம் எழுத ஆள் போதவில்லை என்று என்னையும் கூப்பிட்டார்கள். மழை. ஓலைக் கொட்டகை ஒழுகுகிறது. டைப்ரைட்டரைக் காப்பாற்ற முடியாமல் பென்சிலால் குறிப்பு எழுதிக்கொண்டு, தாளில் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டிருந்தேன்.

அவர்களில் ஒருத்தி புனிதவதி. முப்பது வயதுக்குள் இருக்கும். கையில் ஐந்து வயதுப் பெண் குழந்தை. நெற்றியில் பொட்டு இல்லை. கழுத்தில் ஒன்றும் இல்லை.

“உங்க வீட்டுக்காரரு பேரு?” என்றேன்.

“தவராசா” என்றாள். “படகில ஏறேக்க, சனத்துக்குள்ள அவர் தவறிப்போனார் ஐயா.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒருத்தர் தவறிப்போனார் என்றால் நம் பக்கம் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பொட்டில்லாத நெற்றியை எதிரில் வைத்துக்கொண்டு, எப்படி ஆச்சு, எப்போ ஆச்சு என்று கிளறுவது நாகரிகமாகப் படவில்லை. “கீழ கையெழுத்து போட்டுட்டுப் போம்மா, மீதிய நான் பாத்துக்கிறேன்” என்று அனுப்பிவிட்டேன். மறுநாள் அந்தத் தாளில் கணவர் என்ற இடத்துக்கு எதிரே ‘காலமானார்’ என்று அடித்தேன். நல்ல தமிழில் அடித்த திருப்தியோடு அடுத்த தாளை உருளையில் செருகினேன்.

நம் செவ்வாய்க்கிழமைக் கூட்டம் அப்போதே உண்டு. பொழுது விடிந்ததும் பத்துப் பதினைந்து பேர் பாடிக்கொண்டே மலையைச் சுற்றுவோம். முகாம் வழியில்தான் இருக்கிறது. ராஜேஸ்வரி டீச்சர்தான் முதலில் நின்றது. “சுத்தி வந்தா மட்டும் போதுமா? சாமி வாசல்ல இத்தன பேரு ஒக்காந்திருக்காங்க, கண்ணு தெரியலயா?” என்று எங்களைக் கேட்டவர் அவர். அதிலிருந்து துணி, பாத்திரம், பிள்ளைகளுக்குப் பலகை பல்பம் என்று ஆளுக்கொன்று கொண்டுபோய்க் கொடுத்தோம். தை மாதம் வந்தபோது புனிதவதி நெற்றியில் பொட்டு வைத்திருந்தாள். நம் கூட்டத்தில் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு அம்மா என்னிடம் வந்து, புருஷன் செத்தவ பொட்டு வெக்கிறாளே என்று காதைக் கடித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

1985, ஆனி மாதம். ஒரு சனிக்கிழமை, அவள் என் புங்க மரத்தடிக்கு ஓட்டமும் நடையுமாக வந்தாள். கையில் அரசாங்கக் கடிதம். படிக்கத் தெரிந்தவள்தான். படித்துப் புரியாமல் வரவில்லை, புரிந்துபோனதால் வந்திருந்தாள். தவராசா என்பவர் உரிய பதிவு இல்லாமல் நாட்டுக்குள் வந்து பிடிபட்டிருக்கிறார். உங்களைத் தன் மனைவி என்று சொல்கிறார். பதிவுப்படி உங்கள் கணவர் இறந்தவர். வரும் வெள்ளிக்கிழமை விசாரணைக்கு வரவும். உறவு நிரூபணம் ஆகாவிட்டால் மேற்படி நபர் திருப்பி அனுப்பப்படுவார். இதுதான் சாராம்சம்.

“ஐயா, அவர் உயிரோட இருக்கிறார்” என்றாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது அவளுக்கு. “ஆனா செத்தவர் எண்டு ஆர் எழுதினது? திரும்பப் போனால் ஆமிக்காரர் அவரை விடமாட்டாங்கள். ஏற்கெனவே ரெண்டு தரம் பிடிச்சு அடிச்சவங்கள்.”

“அன்னிக்கு முகாம்ல என்னம்மா சொன்னீங்க?” என்றேன்.

“நடந்ததைத்தான் சொன்னனான். ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கொண்டுதான் நிண்டம். படகு வந்தோடன சனம் தள்ளினது. கை விட்டுப்போச்சு. நானும் பிள்ளையும் இதில, அவர் கரையில. அதைத்தான் அவர் தவறிப்போனார் எண்டு சொன்னனான்.”

“அப்போ பொட்டு வெக்காம இருந்தீங்களே?”

“கொழும்பில கலவரத்துக்குள்ள பொட்டை அழிச்சுப்போட்டுத்தானே ஓடினது. பொட்டைக் கண்டால் தமிழ் எண்டு அடிப்பாங்கள். பிறகு வைக்க மனம் துணியேல்ல.”

தாலியைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். படகில் பறித்துவிடுவார்கள் என்று பயந்து குழந்தையின் பாவாடை மடிப்பில் வைத்துத் தைத்திருந்தாளாம். இப்போதும் அங்கேயேதான் இருக்கிறதாம். அவர் வந்து கட்டட்டும் என்று விட்டுவைத்திருக்கிறாள்.

அப்போதே நான் காலில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. “எங்கனா எவனாவது தப்பா எழுதியிருப்பான்மா. பாக்கலாம்” என்றேன். எவனாவது என்று சொல்லும்போது என் விரல்கள் டைப்ரைட்டர் மேல்தான் இருந்தன.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயம். பொய்யாகப் பதிவு செய்தவன் என்று என் மேல் வழக்கு வரலாம். மனு எழுதும் அனுமதி போய்விடும். எனக்கும் இரண்டு பெண்கள். வேறு தொழில் தெரியாது. அன்று மாலை கோயிலுக்குப் போனேன். சன்னிதியில் நின்று என்ன கேட்டேன் தெரியுமா? “அப்பனே, அந்தத் தாள் எப்படியாவது காணாமப் போவட்டும்” என்று கேட்டேன். ஒரு மனிதர் பிழைக்க வேண்டும் என்று என் வாயில் வரவில்லை. நான் பிழைக்க வேண்டும் என்றுதான் வந்தது. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. என் மனைவி சரோஜா, “ஒடம்புக்கு என்னா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒன்றுமில்லை என்று அவளிடமும் பொய் சொன்னேன்.

இதற்குள் ராஜேஸ்வரி டீச்சருக்கு விஷயம் எட்டிவிட்டது. புனிதவதியே போய்ச் சொல்லியிருக்கிறாள். செவ்வாய்க்கிழமை கிரிவலம் தொடங்கும்போதே டீச்சர் எல்லோரையும் நிறுத்தினார்.

“நாம எல்லாரும் கையெழுத்து போட்டு ஒரு மனு குடுக்கணும். இந்தாளுக்கு மட்டும் இல்ல. கடலத் தாண்டி வர்ற சனத்த புருஷன் ஒரு பக்கம், பொண்டாட்டி ஒரு பக்கம்னு பிரிக்காதீங்கன்னு கேக்கணும். முகாம்ல சொந்தம் இருந்தா, பின்னால வந்தவங்களையும் அங்கயே பதிஞ்சு வெக்கணும்னு கேக்கணும். மாணிக்கம், நீதான் எழுதணும்.”

எண்ணெய்ச் செக்கு வைத்திருந்த எத்திராஜ் முதலியார் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் கெட்டவர் இல்லை. முகாமுக்கு எண்ணெய் டின் டின்னாகக் கொடுத்தவர். “டீச்சர், கோவிச்சுக்காதீங்க. பதிவுலயே செத்துட்டான்னு இருக்குது. அது கவர்மெண்டு தாளு. இந்தப் பொண்ணு எவனையோ புருஷன்னு சொல்லுது. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, கையெழுத்து போட்ட நம்மளையும் சேத்து இழுப்பாங்க. மாணிக்கத்தையே கேளுங்க. தாளு விஷயம் அவனுக்குத்தான் தெரியும்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்தை அவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பது எனக்குத் தெரிந்தது. இரண்டு மூன்று பேர் நகர்ந்தார்கள். சரி, நடந்துகொண்டே பேசலாம் என்று டீச்சர் சொல்ல, கூட்டம் கிளம்பியது. பாட ஆரம்பித்தார்கள். நானும் வாயைத் திறந்தேன். அண்ணாமலையே என்று சொல்ல வேண்டிய இடம். சத்தம் வரவில்லை. மறுபடி முயற்சி செய்தேன். இருபது வருஷமாகச் சொல்லி வரும் பேர். அக்கினி லிங்கம் தாண்டினோம், யம லிங்கம் தாண்டினோம். எனக்கு வரவில்லை. வலது பக்கம் மலை இருக்கிறது, நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நிருதி லிங்கம் வந்தது. ரோட்டு ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அங்கேதான் எனக்கு முதல் உதவி கிடைத்தது. மனசுக்குள் ஒரே ஒரு எண்ணம். இந்த மலை முன்னால் நீ யாருக்கு பயப்படுகிறாய்? அவ்வளவுதான். அசரீரி எல்லாம் கேட்கவில்லை.

“டீச்சர், செத்துட்டார்னு எழுதினது நான்தான்” என்றேன்.

சொல்லிவிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். பென்சில் குறிப்பு, வெறும் தாளில் வாங்கிய கையெழுத்து, சனிக்கிழமை அவளிடம் சொன்ன பொய், எல்லாம். வளர்ந்த ஆம்பிளை நடுரோட்டில் விக்கி விக்கி அழுதேன். ஒருத்தரும் தேற்றவில்லை. தேற்றாமல் விட்டது நல்லதுதான்.

“அழுதது போதும்” என்றார் டீச்சர். “இப்ப சொன்ன மாதிரியே அத டைப் பண்ணு. ஒரு வார்த்த அழகு பண்ணாத.”

எத்திராஜ் முதலியார் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். “நெசந்தானா மாணிக்கம்?”

“நெசந்தாங்க.”

“அப்போ மொதல் கையெழுத்து எனுது” என்றார்.

அன்று மத்தியானம் இரண்டு மனு அடித்தேன். ஒன்று, குடும்பங்களைப் பிரிக்கக் கூடாது என்று கூட்டத்தின் சார்பில். அதில் நானே ஒரு வரி சேர்த்தேன்: எழுதியதைப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். இன்னொன்று என் ஒப்புதல். “தவறிப்போனார் என்று அந்த அம்மா சொன்னார். காலமானார் என்று நான் எழுதினேன். அவரிடம் படித்துக் காட்டவில்லை. தப்பு என்னுடையது.” நாலு வரிதான். அதை அடிக்க எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. பிறகு நேராக முகாமுக்குப் போய்ப் புனிதவதியிடம் அதை நானே படித்துக் காட்டினேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை வரைக்கும் நம் ஆட்கள் மலை சுற்றும் பாதையில் நின்று கையெழுத்து வாங்கினார்கள். பூக்காரர், சோடாக் கடைக்காரர், வெளியூரிலிருந்து வந்த பக்தர்கள், வேங்கிக்காலிலிருந்து சைக்கிளில் வந்த விவசாயிகள், கைநாட்டு வைத்தவர்கள் வேறு. நான் மூன்று வேளையும் கோயிலுக்குப் போனேன். இப்போது வேறு மாதிரி கேட்டேன். “என் பொழப்பு போனாலும் போவட்டும். அந்த ஆளத் திருப்பி அனுப்பிடாத.” அப்படிக் கேட்ட பிறகுதான் அந்தப் பேர் வாயில் வந்தது.

வெள்ளிக்கிழமை விசாரணை. தவராசாவை வேனில் கொண்டுவந்தார்கள். தாடி, ஒட்டிய கன்னம். புனிதவதியைப் பார்த்ததும் எழுந்தார். போலீஸ்காரர் தோளில் கை வைத்து உட்கார வைத்தார். இரண்டு பேரையும் அறையின் இரண்டு மூலையில் உட்கார வைத்திருந்தார்கள், பேசக் கூடாது என்று. குழந்தை அம்மா முந்தானைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டது. அதற்கு அப்பாவை அடையாளம் தெரியவில்லை. அதைப் பார்த்த அதிகாரி ஏதோ குறித்துக்கொண்டார்.

புனிதவதி குழந்தையின் பாவாடை மடிப்பைப் பிரித்துத் தாலியை மேஜை மேல் வைத்தாள். அதிகாரி பார்த்தார். “கல்யாணம் நடந்ததுக்கு இது சாட்சிம்மா. இந்த ஆளோடதான் நடந்துச்சுன்றதுக்கு இது சாட்சி இல்லையே” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

அடுத்து என் தாளைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“நீயே செத்துட்டார்னு எழுதுவ. அப்புறம் நீயே இல்லன்னு எழுதுவ. நாளைக்கு வேறொண்ணு எழுதுவ. இந்த மனுவுல மொத ஆளா சேந்து வேல செய்றவனும் நீதான். உன்ன நான் எப்படிய்யா நம்புறது?”

என் எழுத்துக்கு மதிப்பில்லை என்று அவர் சொல்கிறார், அதுவும் நியாயம். எல்லாம் போச்சு என்று நினைத்தேன். தலையைக் குனிந்து அருணாசலா, அருணாசலா என்று மனசுக்குள் பிடித்துக்கொண்டேன். அதைத் தவிர அந்த அறையில் எனக்கு வேறு பிடிமானம் இல்லை.

அதிகாரி கோப்பைப் புரட்டினார். ஒரு இடத்தில் நிறுத்தினார். படித்தார். திரும்பவும் படித்தார்.

தவராசா பிடிபட்ட ஊரில், வேறு யாரோ எடுத்த வாக்குமூலம் அது. டைப் கூட அடிக்கவில்லை, கையால் எழுதியது. எழுதியவர் யாரோ, அவருக்கு என்னைப் போல் தமிழ்க் கர்வம் இல்லை போலிருக்கிறது. அந்த ஆள் சொன்னதை அப்படியே கிறுக்கி வைத்திருந்தார். அதிகாரி அதைச் சத்தமாகப் படித்தார்: “படகில ஏறேக்க என்ர மனைவியும் மகளும் தவறிப்போனவை. அவையைத் தேடி வந்தனான்.”

அந்தத் தாளை மேஜை மேல் வைத்தார்.

“தவறிப்போனாங்களாம்” என்றார் அதிகாரி, யாரையும் பார்க்காமல். “தேடி வந்தானாம். செத்தவங்கள யாருய்யா தேடிக்கினு வருவான்?”

பிறகு ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டு, கரையில் என்ன நடந்தது என்று கேட்டார். பிடித்திருந்த கை எது, குழந்தை யார் இடுப்பில் இருந்தது, என்ன நிறப் பாவாடை, எல்லாம் கேட்டார். இரண்டு பேர் சொன்னதும் ஒன்றாக இருந்தது. இரண்டு பேரும் அதே வார்த்தையைத்தான் சொன்னார்கள் என்று பிறகு அவரே டீச்சரிடம் சொன்னாராம்.

மூன்று வாரம் கழித்து, ஆடி மாதம், தவராசாவை நம் முகாமிலேயே பதிந்துகொள்ள உத்தரவு வந்தது. என்னை ஒரு வருஷம் முகாம் வேலைக்குச் சேர்க்கக் கூடாது என்றும் வந்தது. தலைமேல் வைத்துக்கொண்டேன். அதற்கு முன்னால், மழை நாளில் நான் எழுதிய அத்தனை தாளையும் அவரவர்க்குப் படித்துக் காட்ட அனுமதி கேட்டேன். கொடுத்தார்கள். இன்னும் இரண்டு குடும்பத்தில் தப்பு இருந்தது. திருத்தினோம்.

நம் பெரிய மனுவால் சட்டம் மாறவில்லை. அதையும் மறைக்க வேண்டாம். இன்னமும் பிரிந்து கிடக்கிற குடும்பங்கள் இருக்கின்றன, நாமும் வருஷா வருஷம் எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் நம் முகாமில் படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்குவதில்லை என்று ஆயிற்று. என் மரத்தடியிலும் அப்படித்தான். செத்துட்டார் என்று சொன்னால் செத்துட்டார் என்றுதான் இன்று நான் அடிக்கிறேன். கூட்டம் எவ்வளவு இருந்தாலும் படித்துக் காட்டுகிறேன்.

தவராசா வந்த அடுத்த செவ்வாய்க்கிழமை, முகாம் வாசலில் புனிதவதி நின்றிருந்தாள். கழுத்தில் தாலி இருந்தது. அந்தத் தாளைப் படித்துக் காட்டிய நாளுக்குப் பிறகு அவள் என்னோடு பேசியதில்லை. நான் கை கூப்பி, “என்ன மன்னிச்சுடும்மா” என்றேன்.

“நீங்கள் அவரை ஒரு சொல்லாலதான் சாகடிச்சனீங்கள் ஐயா” என்றாள். “அங்க என்ர தம்பியைத் துவக்கால சுட்டவங்கள். அதுக்கு மன்னிப்புக் கேட்டு ஒருத்தரும் வரேல்ல. நீங்கள் வந்தனீங்கள்.”

அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. நடந்தேன். அன்று எனக்கு முன்னாலும் பின்னாலும் எல்லோரும் பாடிக்கொண்டு வந்தார்கள், நானும் பாடினேன்.

அன்பர்களே, கஷ்டத்தில் இருக்கிறவர்கள் அண்ணாமலையாரிடம் கேளுங்கள். அவர் கேட்கிறார், நான் கண்டவன். கேட்கும்போது உங்களுக்கு மட்டும் கேட்காதீர்கள். வீடு வாசல் இழந்து நம் ஊரில் வந்து உட்கார்ந்திருக்கும் சனத்துக்கும் சேர்த்துக் கேளுங்கள். அவர்களுக்காக ஒரு கையெழுத்து கேட்டு யாராவது பாதையில் நின்றால், தயங்காமல் போடுங்கள். அதில் உங்கள் தப்பு ஏதாவது இருந்தால் அதையும் மறைக்காமல் சாமியிடம் சொல்லிவிட்டுக் கேளுங்கள். நான் மறைத்து வைத்திருந்த வரைக்கும் அவர் பேர்கூட என் வாயில் வரவில்லை. சொன்ன பிறகு, ஒரு குழந்தைக்கு அப்பாவைக் கொடுத்தார்.